பூஜ்யத்துக்குக் கேடயம்

சோதனைக் குழு வரப்போகிறது என்பதைத் தலைமையகத்தின் கடிதத்துக்கு முன்னால் மூக்கு சொல்லிவிடும். டீசல், கிரீஸ், சூடான ரப்பர் என்று பணிமனைக்கே உரிய வாசனைகளுக்கு நடுவில் ஒருநாள் ஈரச் சுண்ணாம்பு மணக்கும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், சுவர்களுக்கு 14 மாதத்துக்கு ஒருமுறையாவது வெள்ளையடிக்கச் சொன்னது. எங்கள் ஊரில் அந்த 14 மாதம் எப்போது முடிகிறது என்பதைச் சோதனைக் குழுவின் பயணத் திட்டம்தான் முடிவு செய்தது. குழு வருவது ரகசியம்தான். ஆனால் வருகிறவர்களும் அரசாங்கச் சம்பளக்காரர்கள், நாங்களும் அரசாங்கச் சம்பளக்காரர்கள். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்பது மரியாதையாக இருக்காதல்லவா?

எண்பதுகளில் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையில் பாதுகாப்புப் பிரிவுக்கு என்னைப் போட்டார்கள். எந்தக் கழகம் என்று சொல்லப்போவதில்லை. எந்த மாவட்டத்து வாசகரும் தம்முடையது என்றே வைத்துக்கொள்ளலாம். பாதுகாப்புப் பிரிவு என்றால் ஒரு மேசை, ஒரு பீரோ, பீரோ நிறையப் பதிவேடுகள். இப்போது ஓய்வு பெற்ற பிறகு, அதே மாதிரியான பணிமனைகளின் பாதுகாப்புக்கு மதிப்பெண் போடும் குழுவில் வெளி நிபுணர் என்று என்னைக் கூப்பிடுகிறார்கள். சுண்ணாம்பு மணம் போய்விட்டது. மஞ்சள் கோடு போட்ட எப்பாக்சி தரையின் பெயின்ட் மணம் வருகிறது. நாடு முன்னேறியிருக்கிறது.

அன்றைய மதிப்பீட்டில் நாயகன் எச்சில் தொட்டி. சிரிக்க வேண்டாம். சட்டத்தின் 20-ஆம் பிரிவு முழுக்க அதற்காகவே எழுதப்பட்டது. வசதியான இடங்களில் போதிய எச்சில் தொட்டிகள் வைக்க வேண்டும், அவற்றைச் சுத்தமாக வைத்திருக்க வேண்டும், வெளியே துப்பினால் ஐந்து ரூபாய் வரை அபராதம். எங்கள் தொட்டிகளில் வெள்ளை மணல் எப்போதும் பளிச்சென்று இருக்கும். யாரும் அதில் துப்பியதில்லை என்பதுதான் அந்தச் சுத்தத்துக்குக் காரணம். தொட்டிக்கு மேலிருந்த சுவர் வெற்றிலைச் சிவப்பில் இருந்தது. ஆனால் படிவம் கேட்டது தொட்டியைப் பற்றி, சுவரைப் பற்றி அல்ல. தொட்டி உண்டா? உண்டு. சுத்தமா? சுத்தம். இரண்டு டிக்.

அந்த நாயக இடத்தை இன்று தீயணைப்பான் பிடித்திருக்கிறது. அன்று சிவப்பு வாளியில் மணல் தொங்கும். மணலில் பீடித் துண்டுகள் செருகியிருக்கும். டீசல் பங்க் பக்கத்திலேயே பீடி பிடித்ததற்கான சாட்சியம் தீயை அணைக்கும் வாளியிலேயே கிடைக்கும். இன்று ஒவ்வொரு தீயணைப்பான் மேலும் கியூ.ஆர். கோடு ஒட்டியிருக்கிறது. கைப்பேசியைக் காட்டினால் எப்போது நிரப்பினார்கள், மறுபடி எப்போது நிரப்ப வேண்டும் என்று எல்லாம் வருகிறது. ஒரு பணிமனையில் அத்தனை கோடுகளையும் பிரதியெடுத்து, லேமினேட் செய்து, உதவிப் பொறியாளரான ஏ.இ.யின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வரிசையாக வைத்திருந்தார்கள்.

"வெயில்ல எதுக்கு சார் அலையணும்? இங்கயே ஸ்கேன் பண்ணிடலாம்."

பண்ணினோம். நூற்றுக்கு நூறு. டயர் குடோனில் இருக்க வேண்டிய தீயணைப்பானைப் பிறகு நானே தேடிப் போனேன். ரீட்ரேடிங்குக்கு அடுக்கிய டயர்களுக்குப் பின்னால், எட்டாத இடத்தில் இருந்தது. தீப்பிடித்தால் முதலில் டயர்களை இறக்கி ஓரமாக அடுக்கிவிட்டு, அப்புறம் அணைத்துக்கொள்ளலாம்.

பணிமனையில் பெரும்பாலான வேலை பிட்டில்தான். பஸ்ஸை மேலே நிறுத்தி, குழிக்குள் நின்றுகொண்டு அடிப்பாகத்தில் வேலை பார்ப்பார்கள். குழிகளை மூட வேண்டும் அல்லது வேலியிட வேண்டும் என்று சட்டத்தின் 33-ஆம் பிரிவு சொன்னது. மூடினால் வேலை நடக்காது. வேலி போட்டால் பஸ் ஏறாது. ஆகவே வண்டி இல்லாத நேரத்தில் மாட்டிவைக்கச் சங்கிலி என்று முடிவாயிற்று. சங்கிலி வாங்கினார்கள். தொலைந்துவிடக் கூடாதே என்று ஸ்டோரில் வைத்துப் பூட்டினார்கள். சோதனை நாளில் மட்டும் அது வெளியே வரும். இன்று சங்கிலியை மாட்டி, நேரமும் இடமும் பதியும்படி படம் எடுத்து, செயலியில் ஏற்றியதும் கழற்றிவிடுகிறார்கள். அன்று வருஷத்துக்கு ஒருநாள் வேலி, இன்று மாதத்துக்கு ஒரு நிமிஷம் வேலி. கூட்டிப் பார்த்தால் அன்றைய தொழிலாளிக்குத்தான் லாபம்.

சங்கிலி ஸ்டோரில் தூங்கிய காலத்திலும் குழியில் இறங்கியவர்கள் முழுசாக ஏறி வந்தார்கள். காரணம் எங்கள் மேஸ்திரி. அவர் இறங்குவதற்கு முன் பாட்டரி டெர்மினலைக் கழற்றி, அதன் நட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். நட்டு பையில் இருக்கும் வரை அந்த வண்டியை யாரும் ஸ்டார்ட் செய்ய முடியாது. ஒருமுறை கிளை மேலாளரே குழி ஓரத்தில் வந்து நின்றார்.

"அவசர டிரிப்புய்யா மேஸ்திரி. நட்டைக் குடு, நான் டிரைவர்கிட்ட குடுத்துடறேன்."

"நட்டு என்கிட்டதாங்கய்யா இருக்கும். நான் மேல வந்தாத்தான் அதுவும் மேல வரும்."

அந்த வருஷச் சோதனையில் குழுவினர் மேஸ்திரியிடம் தலைக்கவசம் எங்கே என்று கேட்டார்கள். அவரிடம் இல்லை; மதிப்பெண் குறைந்தது. பையிலிருந்த நட்டைப் பற்றிப் படிவத்தில் கேள்வி இல்லை.

மேஸ்திரி செய்ததற்கு இன்று உலகமெங்கும் லாக் அவுட், டேக் அவுட் என்று பெயர். சக்தி வரும் வழியைத் துண்டி, அதைப் பூட்டு, அட்டையைத் தொங்கவிடு, சாவியை வேலை பார்ப்பவனே வைத்துக்கொள்ளட்டும். நான் போன ஒரு பணிமனையில் அதற்கான சிவப்புப் பூட்டுகள் வரவேற்பறையின் கண்ணாடிப் பெட்டிக்குள், வெல்வெட் துணி மேல் இருந்தன. சாவி யாரிடம் என்று கேட்டேன். மேனேஜரிடம். மேனேஜர் எங்கே? பாதுகாப்பு மீட்டிங்கில்.

இனி விபத்துப் பதிவேட்டுக்கு வருவோம். காயம்பட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலைக்கு வர முடியாமல் போனால் தொழிற்சாலை ஆய்வாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது 88-ஆம் பிரிவு. சட்டத்தில் எதை மறந்தாலும் அந்த 48-ஐ மட்டும் எங்கள் நிர்வாகம் மறந்ததில்லை. ஒரு ஹெல்பரின் விரல் ஜாக்கில் நசுங்கினால், மறுநாள் அவர் வீட்டில் இருப்பார். அதற்கு மறுநாள் ஜீப் போய் அவரை அழைத்து வந்துவிடும். கட்டுப்போட்ட கையோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். அதற்கு 'இலகு பணி' என்று பெயர். சில மாதங்களில் ஒரு கைச் சீட்டாட்டம் நடத்தப் போதுமான ஆட்கள் அந்த மரத்தடியில் இலகு பணி பார்த்தார்கள். பதிவேட்டில் அந்த மாதத்து விபத்து: இல்லை.

இன்று வேப்பமரத்துக்கு அவசியமில்லை. வண்டி கழுவுவது, கூட்டுவது, டயர் உருட்டுவது எல்லாம் ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் போய்விட்டது. அவர்களுக்கு அடிபட்டால் அது ஒப்பந்தக்காரரின் பதிவேட்டில் ஏற வேண்டும். ஒப்பந்தக்காரரின் பதிவேடு ஒப்பந்தக்காரரின் வீட்டில் இருக்கிறது. நுழைவாயிலில் மின்னணுப் பலகை ஒன்று 'விபத்தில்லா நாட்கள்' என்று பச்சை எழுத்தில் மின்னுகிறது. நள்ளிரவு தாண்டியதும் அது தானாகவே ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளும். பூஜ்யத்துக்குத் திருப்ப வேண்டுமானால் பாஸ்வேர்டு வேண்டும். பாஸ்வேர்டு பலகை விற்ற கம்பெனியிடம் இருக்கிறது, பராமரிப்பு ஒப்பந்தமோ காலாவதியாகிவிட்டது.

ஹைன்ரிச் என்று ஓர் அமெரிக்கர். காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தவர். விபத்துக் கோப்புகளை அலசி, ஒரு பெரிய காயத்துக்கு 29 சிறு காயங்களும், காயமே இல்லாமல் போன 300 சம்பவங்களும் இருக்கும் என்று 1931-இல் எழுதினார். அந்த விகிதம் எல்லா இடத்துக்கும் பொருந்துமா என்று பின்னால் வந்தவர்கள் சண்டை போட்டார்கள், போடட்டும். எங்கள் பதிவேடு அவர் கண்ணில் பட்டிருந்தால் அவர் தொழிலையே விட்டிருப்பார். பல வருஷம் சிறு காயம் பூஜ்யம், தப்பித்த சம்பவம் பூஜ்யம். திடீரென்று ஒருநாள் ஒரு மரணம். அஸ்திவாரமும் இல்லை, நிலைகளும் இல்லை. கலசம் மட்டும் அந்தரத்தில் நிற்கிற கோபுரம் அது.

போபால் விஷவாயுக் கசிவுக்குப் பிறகு எல்லாம் மாறும் என்று நாங்கள் நம்பினோம். சட்டம் உண்மையிலேயே மாறியது. 1948-இல் மூன்று மாதச் சிறை, 500 ரூபாய் அபராதம் என்று தொடங்கிய பொதுத் தண்டனை, 1987 திருத்தத்தில் இரண்டு ஆண்டு, ஒரு லட்சம் ரூபாய் வரை உயர்ந்தது. அபாயகரமான செயல்முறைகள் உள்ள ஆலைகளில் தொழிலாளர்களும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் உட்காரும் பாதுகாப்புக் குழு வேண்டும் என்றும் வந்தது. எங்களுக்கும் ஒன்று அமைத்தார்கள். கூட்டத்தில் வடை சூடாக இருக்கும். நிகழ்ச்சிக் குறிப்பின் முதல் வரி எப்போதும் 'முந்தைய கூட்டத்தின் முடிவுகள் நிறைவேற்றப்பட்டன' என்பதே. எந்த முடிவு என்று சங்கத்துக்காரர் ஒருவர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கப்படும் என்று முடிவாயிற்று. அதுவும் நிறைவேற்றப்பட்டது. இன்று அந்தக் குழு வாட்ஸாப்பில் இருக்கிறது; தினமும் காலையில் தாமரைப் பூவோடு வணக்கம் சொல்கிறது. வடை கிடையாது.

போபாலிலும் மதிப்பீடு நடக்காமல் இல்லை. 1982 மே மாதம் யூனியன் கார்பைடின் அமெரிக்கத் தலைமையிலிருந்து ஒரு குழு வந்து ஆலையைச் சோதித்தது. நச்சுப் பொருள் கசியக்கூடிய வாய்ப்பு உட்படக் குறைகளைப் பட்டியலிட்டது. அறிக்கை வந்தது. 1984 டிசம்பரில் வாயுவும் வந்தது. பாதுகாப்புப் பயிற்சிகளில் போபால் என்றாலே வால்வையும் தொட்டியையும் படம் போட்டு விளக்குவார்கள். அறிக்கைக்கும் வாயுவுக்கும் இடையே கிடந்த இரண்டரை வருஷத்தை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். 1966-இல் அதே தேதியில்தான் தேசியப் பாதுகாப்பு மன்றம் தொடங்கப்பட்டது. அன்று உறுதிமொழி, வாசகப் போட்டி, எல்லோர் சட்டையிலும் ஊசியால் குத்திய பேட்ஜ். எங்கள் முதலுதவிப் பெட்டி திறக்கப்பட்ட ஒரே நாளும் அதுதான். பேட்ஜ் குத்தும்போது யாராவது விரலில் ரத்தம் வரும். இப்போது பேட்ஜ் ஸ்டிக்கராகிவிட்டதால் அந்த ஒரு காயமும் நின்றுவிட்டது. உறுதிமொழியை ஆன்லைனில் எடுத்தால் உடனே சான்றிதழ் இறங்குகிறது. ஒரே மெக்கானிக் மதிய இடைவேளையில் தன் மனைவி, மக்கள் பெயரிலெல்லாம் எடுத்து வைத்திருந்தார். வீடே பாதுகாப்பாக இருக்கிறது.

ஆனால் அந்தக் காலத்தில் எங்கள் பணிமனையில் வருஷம் தவறாமல் ஓர் உண்மையான சோதனை நடந்தது. எந்தக் குழுவும் வராது, மதிப்பெண்ணும் கிடையாது. ஆயுத பூஜை. முதல் நாள் சாயங்காலமே ஸ்பேனர் முதல் எமரி வீல் வரை ஒவ்வொன்றையும் கழற்றி, துடைத்து, பொட்டு வைப்பார்கள். பொட்டு வைக்கும்போதுதான் எமரி வீலின் விரிசல் கண்ணில் படும். சங்கிலிக் கப்பியின் கொக்கி வாய் விரிந்திருப்பது தெரியும். வெல்டிங் கேபிளில் எலி கடித்த இடம் தெரியும். "இதுக்குப் பொட்டு வைக்காதே, தூக்கி ஓரமா போடு" என்பார் மேஸ்திரி. பொட்டு இல்லாத கருவியை மறுநாள் யாரும் தொட மாட்டார்கள். பூஜை முடிந்ததும் அதே ஆட்கள் நடுச்சாலையில் பூசணிக்காயை உடைத்து, பின்னால் வரும் ஸ்கூட்டர்காரரைச் சறுக்கவைப்பார்கள் என்பது வேறு விஷயம். இன்று ஆயுத பூஜைக்கு எல்லாவற்றுக்கும் மேல் மாலையைப் போட்டு, குரூப் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். மாலை, விரிசலையும் சேர்த்து மறைத்துவிடுகிறது.

ஆரோக்கியத்தின் கதை இன்னும் நேர்த்தியானது. பிரேக் டிரம்மைக் கழற்றியதும் உள்ளே படிந்த லைனிங் தூசியை ஏர் பைப்பால் ஊதுவது வழக்கம். அந்த லைனிங்கில் கல்நார் இருந்தது. ஊதிய பையனின் இமை வெளுத்திருக்கும். மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். கல்நார் நோய் தெரிவதற்குப் பல பத்தாண்டுகள் ஆகலாம். அதனால்தான் 1995 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கல்நார் ஆலைகள் ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 ஆண்டுகளுக்கோ, ஓய்வுக்குப் பின் 15 ஆண்டுகளுக்கோ, எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்றது. எங்களுடையது ஆலை இல்லை, பணிமனை. எங்கள் பதிவுகளைக் கரையான் அதற்குள் படித்து முடித்துவிட்டது.

இன்று ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை முகாம் நடக்கிறது. சர்க்கரை பார்க்கிறார்கள், ரத்த அழுத்தம் பார்க்கிறார்கள், கண் பார்த்துக் கண்ணாடிக்குச் சீட்டு எழுதுகிறார்கள். கம்ப்ரசர் பக்கத்தில் நிற்பவரின் காதையும், பிரேக் பிரிவில் இருப்பவரின் நுரையீரலையும் யாரும் சோதிக்கக் காணோம். வீட்டுச் சாப்பாடு அவருக்கு என்ன செய்தது என்பது தெரிந்துவிடுகிறது. வேலை என்ன செய்தது என்பது மட்டும் மருத்துவ ரகசியம். படிவத்தில் 'உடல் பரிசோதனை நடந்ததா' என்ற கேள்விக்கு முழு மதிப்பெண்.

முழு மதிப்பெண்ணுக்கு இன்னும் எளிய வழி 'பொருந்தாது'. அன்று பணிமனையில் பெண்கள் இல்லை, ஆகவே பெண்கள் கழிப்பறை 'பொருந்தாது'. கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பெண்கள் எப்படி வருவார்கள் என்று படிவம் கேட்கவில்லை. இன்று பெண்கள் வந்துவிட்டார்கள், கழிப்பறையும் வந்துவிட்டது, சாவி செக்யூரிட்டியிடம் இருக்கிறது.

சட்டமும் புதிதாகிவிட்டது. 13 சட்டங்களை ஒன்றாக்கிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத் தொகுப்பை நாடாளுமன்றம் 2020-இல் நிறைவேற்றியது. 2025 நவம்பர் 21 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அதன்படி ஆய்வாளர் இனி ஆய்வாளர் மட்டுமல்ல, வசதி செய்து தருபவரும்கூட. எங்கள் காலத்தில் சோதிக்க வருபவருக்கு நாங்கள் வசதி செய்து கொடுத்தோம். இனி அவர் நமக்குச் செய்வார். கணக்கு நேராகிறது.

இப்படிப் பூஜ்யங்களைக் கூட்டிக்கொண்டே போன ஒரு சுற்றில்தான், கடைசியாக ஒரு சின்னப் பணிமனைக்குப் போனோம். எப்பாக்சி தரை இல்லை, மின்னணுப் பலகை இல்லை. ஏ.இ. ஓர் இளம்பெண். அவர் மேசையில் முனை மடிந்த நீள நோட்டு ஒன்று இருந்தது. 'நியர் மிஸ் நோட்டு' என்று மேலே எழுதியிருந்தது. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் பட்டிருக்கும் என்கிற சம்பவங்கள் பக்கம் பக்கமாக, வேறு வேறு கையெழுத்தில்.

'மூணாவது பிட் ஜாக் தானா இறங்குது.'

'ரிம் லாக் ரிங் தெறிச்சுது. கூண்டுக்குள்ள வச்சுக் காத்தடிச்சதால யாருக்கும் படல.'

'ராத்திரி ரிவர்ஸ் எடுக்கும்போது வண்டிக்குப் பின்னாடி கண்டக்டர் படுத்திருந்தார். கடைசி நேரத்துல பார்த்தேன்.'

"இதுக்கு என்னம்மா செஞ்சீங்க?" என்றேன், கடைசி வரியைக் காட்டி.

"ஃபேன் போட்டோம் சார்."

"ஃபேனா?"

"ரெஸ்ட் ரூம்ல ஃபேன் ஓடல சார். கொசுக்கடி தாங்காம வெளியில காத்தாட வந்து படுத்திருக்காங்க. இருட்டுல வண்டி நிழல்தான் வசதியாத் தெரிஞ்சிருக்கு. அண்ணன்தான் சொன்னார்" என்று பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியனைக் காட்டினார். "வண்டிக்குப் பின்னால் தூங்காதேன்னு போர்டு எழுதி வைக்கலாம்னுதான் நான் முதல்ல நினைச்சேன். ஃபேன் ரிப்பேர் பண்ணா போதும் மேடம்னார்."

ஜாக்கை மாற்றியிருந்தார்கள். அதுவரை முட்டுக் கொடுக்க ஸ்டாண்டு போட்டிருந்தார்கள். ரிங் தெறித்த ரிம்மை நசுக்கிக் காயலான் கடைக்கு அனுப்பியிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் நான் பார்த்த பதிவேடுகளிலேயே படிக்கப் பயமாக இருந்தது அது ஒன்றுதான். அந்தப் பயத்துக்குத்தான் பதிவேடு என்று ஒன்று வைத்திருக்கிறோம் என்பதும் அங்கேதான் உறைத்தது. குறைகள் எழுதப்படும் இடத்தில்தான் ஆட்கள் பயமில்லாமல் வாய் திறக்கிறார்கள் என்று பொருள். மற்ற பணிமனைகளிலும் ஜாக் இறங்கத்தான் செய்யும். சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

செயலிக்கு இது விளங்கவில்லை. பதிவான ஒவ்வொரு சம்பவத்துக்கும் அது ஒரு மதிப்பெண்ணைக் கழித்தது. பட்டியலில் அந்தப் பணிமனை கடைசிக்கு வந்தது. பூஜ்யம் காட்டிய பணிமனைக்கு அந்த ஆண்டின் கேடயம். படிவத்தின் கடைசியில் 'இதர குறிப்புகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் அனுபவத்தையெல்லாம் சேர்த்து, இப்படி முடித்தேன்: 'இந்தப் பணிமனையில் குறைகள் அதிகமாகப் பதிவாகின்றன; அதுவே இதன் பலம். மற்ற பணிமனைகளும் இதைப் பின்பற்ற வேண்டும்.'

கட்டத்துக்கு எழுத்து வரம்பு உண்டு என்பதைச் செயலி யாரிடமும் சொல்லவில்லை. தலைமையகத்தின் திரையில் என் குறிப்பு 'இந்தப் பணிமனையில் குறைகள் அதிகமாகப் பதிவாகின்றன' என்ற இடத்தோடு நின்றுவிட்டது. அடுத்த வாரமே விளக்கம் கேட்டு அந்த ஏ.இ.க்குக் குறிப்பாணை போனது. நான் தொலைபேசியில் பேசி, தலைமையகத்துக்கும் தனியாகக் கடிதம் எழுதி, ஒருவழியாக மேல் நடவடிக்கை இல்லாமல் முடிந்தது.

அந்தக் குறிப்பாணையை என்ன செய்தீர்கள் என்று பிறகு அவரிடம் கேட்டேன்.

"நோட்டுல ஒட்டி வச்சுட்டேன் சார். யாருக்கும் அடிபடல, ஆனா பட்டிருக்குமே."